ஓட்டத்துக்கு முன் அடித்த வெள்ளி

விளையாட்டு விழாக்களுக்காக அடிக்கப்படும் வெள்ளி, தங்க நாணயங்களைச் சேர்ப்பவர்களில் நானும் ஒருவன். அந்தப் பழக்கத்தோடு கூடவே ஒரு சங்கடமும் வளர்ந்து வந்திருக்கிறது. நெடுநாள் அதற்கு உருவம் இல்லை. இப்போது ஓரளவு சொல்லிப் பார்க்க முடியும் என்று தோன்றுகிறது. இந்த நாணயங்கள் ஏறக்குறைய எல்லாமே போட்டி நடப்பதற்கு முன்பே அடிக்கப்பட்டவை. அப்போது ஒருவரும் ஓடியிருக்க மாட்டார்கள், தாண்டியிருக்க மாட்டார்கள், விழுந்து முழங்காலைச் சிராய்த்துக்கொண்டிருக்க மாட்டார்கள். மைதானத்தில் பூசிய சிமென்ட்கூடக் காய்ந்திருக்காது. அதற்குள் அந்த விழாவின் நினைவு வெல்வெட் பெட்டிக்குள் ஏறிச் சான்றிதழோடு விற்பனைக்கு வந்துவிடும். நம் பக்கம் நடுகல் நட்டவர்கள் ஒரு வரிசையைக் கடைப்பிடித்தார்கள். ஆநிரை மீட்கப் போனவன் விழுந்தான். பிறகு கல் எடுத்தார்கள், பேர் பொறித்தார்கள், படையல் வைத்தார்கள். இங்கே கல் முதலில் வந்துவிடுகிறது. சண்டை எப்படி நடக்கும், யார் விழுவார், யார் வரவே மாட்டார் என்பதெல்லாம் கல்லை நட்ட பின்தான் தெரியவருகிறது. பேர் பொறிக்க வேண்டிய இடத்தில் ஓடுகிற பாவனையில் ஒரு உருவம், பெரும்பாலும் யாருடைய முகமும் இல்லாமல்.

அந்த முகமில்லாத உருவத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறேன். ப்ரூஃப் நாணயம் என்பார்களே, அதன் அழகை மறுக்க என்னால் முடியாது. அச்சையும் வெள்ளி வில்லையையும் மெருகேற்றி, ஒன்றுக்கு மேற்பட்ட முறை அடித்து எடுப்பார்கள். தளம் முகம் பார்க்கும் அளவுக்கு மின்னும், உருவம் மட்டும் மங்கலாக வெளுத்து நிற்கும். விளக்கடியில் சாய்த்தால் தளம் கறுத்து உருவம் எழும். இன்னும் கொஞ்சம் சாய்த்தால் தளம் வெளுத்து உருவம் இருளும். தொடக் கூடாது. விளிம்பை இரண்டு விரலால் பிடிக்கலாம், அதுவும் பருத்திக் கையுறையோடு. தளத்தில் ஒரு ரேகை பட்டுவிட்டால் நாளாக ஆக அது வெள்ளியை அரித்து அங்கேயே தங்கிவிடும். கடற்காற்று வீசும் ஊரில் வெள்ளியைக் காப்பது தனி வேலை. காற்றில் இருக்கும் கந்தகம் பட்டு முதலில் விளிம்பில் வைக்கோல் நிறம் ஏறும், பிறகு செம்பழுப்பு, ஊதா, கடைசியில் கறுப்பு. மலிவான பிளாஸ்டிக் உறையில் போட்டுவைத்தால் பச்சையாக ஒரு பிசுக்கு படியும். சிலிக்கா ஜெல் பொட்டலங்களைக் காயவைத்து மாற்றி மாற்றி வைக்கும் நேரங்களில்தான் இந்த எண்ணம் வந்து உட்காரும். விளையாட்டு என்பது முழுக்க உடம்பு. வியர்வை, மூச்சு, புழுதி, தசைப்பிடிப்பு. அதன் நினைவாக நான் வைத்திருக்கும் பொருளோ மனிதத் தோல் படாமல் இருந்தால்தான் மதிப்பு. வியர்வைதான் அதற்குப் பெரிய பகை.

ஏன் முன்பே அடிக்கிறார்கள் என்பதற்கு விடை எளிது. பணம் முன்பே வேண்டியிருக்கிறது. நவீன ஒலிம்பிக்கின் முதல் நினைவு நாணயம் ஃபின்லாந்தின் 500 மார்க்கா வெள்ளி. விழா 1952இல் ஹெல்சின்கியில். நாணயத்தில் ஒரு சிறு பகுதி 1951 என்ற ஆண்டோடு வந்தது. சேர்ப்பவர்கள் கூடுதல் விலை கொடுத்துத் தேடுவது அந்த முந்தைய ஆண்டைத்தான். இருபது வருடம் கழித்து மேற்கு ஜெர்மனி இதைப் பேரளவில் செய்தது. 1972 மியூனிக் ஒலிம்பிக்குக்காக 10 மார்க் வெள்ளி நாணயங்கள் பத்துக் கோடி அடிக்கப்பட்டன. எடை 15.5 கிராம், ஆயிரத்துக்கு 625 பங்கு வெள்ளி. வெள்ளிக்கும் அடிகூலிக்கும் ஆனது போக முகமதிப்பில் மிஞ்சியது விழாச் செலவுக்கு. மக்கள் வாங்கி வீட்டில் வைத்துக்கொள்ள வேண்டும், செலவழிக்கக் கூடாது. அப்போதுதான் கணக்கு நேராகும். பெட்டிக்குள் போய்த் திரும்பி வராத ஒவ்வொரு நாணயமும் அரசுக்கு வட்டியில்லாத கடன். முதல் நாணயம் 1970இல் வெளிவந்தது. விழா ஜெர்மனியில் நடப்பதாக அதில் எழுதியிருந்தது. கிழக்கு ஜெர்மனி ஆட்சேபித்தது. ஒலிம்பிக் ஒரு நகரத்துக்குத்தான் கொடுக்கப்படுகிறது, நாட்டுக்குக் கொடுக்கப்படுவதில்லை, அப்படியிருக்க மேற்கு மட்டும் தன்னை ஜெர்மனி என்று எப்படி அழைத்துக்கொள்ளலாம் என்பது வழக்கு. எழுத்து மியூனிக்கில் என்று மாற்றப்பட்டது. பழைய வாசகத்தோடு ஒரு கோடி, புதிய வாசகத்தோடு ஒரு கோடி. நாணய அட்டவணைகளில் இரண்டுக்கும் தனித்தனி எண் உண்டு. இரண்டும் இருந்தால்தான் தொகுப்பு முழுமை. விளிம்பை விரலால் தடவினால் இன்னும் வேகமாக, இன்னும் உயரமாக, இன்னும் வலிமையாக என்ற லத்தீன் சொற்கள் தட்டுப்படும்.

1972 செப்டம்பர் 5 அதிகாலையில் பாலஸ்தீன ஆயுதக் குழு ஒன்று ஒலிம்பிக் கிராமத்துக்குள் ஏறிக் குதித்தது. மறுநாள் விடிவதற்குள் இஸ்ரேல் அணியைச் சேர்ந்த பதினொரு பேரும் ஒரு ஜெர்மன் காவலரும் இறந்திருந்தார்கள். போட்டிகள் ஒரு நாளுக்குச் சற்று அதிகமாக நின்று மறுபடி தொடர்ந்தன. நாணயங்கள் அப்போது லட்சக்கணக்கான வீடுகளின் இழுப்பறைகளில் இருந்தன. அவற்றில் ஒன்றில் மண்டியிட்ட இரண்டு இளம் உருவங்கள், ஒன்றில் மைதானத்தின் விரிந்த கூரை, ஒன்றில் சுடர். எதிலும் ஒரு கீறலும் விழவில்லை, விழவும் முடியாது. அச்சுச் சாலையை நான் குறை சொல்லவில்லை. அடித்து முடித்ததை என்ன செய்வார்கள். ஆனால் இரண்டு அரசுகளுக்கிடையே மனத்தாங்கல் வந்தபோது நாணயத்தில் ஒரு சொல் மாறியது என்பதும், பன்னிரண்டு பேர் செத்தபோது மாற வழியே இருக்கவில்லை என்பதும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டிய விஷயங்கள். மியூனிக் நாணயத்தைப் பற்றிப் பேசும் சேர்ப்பவர்கள் வாசக வேறுபாட்டை மணிக்கணக்கில் பேசுவார்கள், எந்த அச்சுச் சாலையின் எழுத்து எங்கே இருக்கிறது என்று பூதக்கண்ணாடி வைத்துக் காட்டுவார்கள். செப்டம்பர் 5 பேச்சில் வராது. கல்நெஞ்சம் இதற்குக் காரணம் இல்லை. கையில் இருக்கும் பொருள் அந்தப் பக்கம் நம்மைத் திருப்புவதே இல்லை. இன்றும் அதை ஜெர்மன் மத்திய வங்கியில் கொடுத்தால் 5 யூரோ 11 சென்ட் தருவார்கள். பணமாக அது உயிரோடுதான் இருக்கிறது.

மாண்ட்ரியாலில் நடந்தது வேறு விதம். 1973 முதல் 1976 வரை கனடா 28 வெள்ளி நாணயங்களை நான்கு நான்காக வெளியிட்டது. பெரிய 10 டாலர் நாணயம் 48.6 கிராம், உள்ளங்கையில் வைத்தால் கனம் மணிக்கட்டில் தெரியும். நாணயமும் தபால்தலையும் லாட்டரியும் செலவை ஏற்றுக்கொள்ளும், நகரத்தின் தலையில் சுமை விழாது என்று மேயர் ழான் திராப்போ ஊரை நம்பவைத்தார். கடைசிக் கடன் தீர்ந்தது 2006இல், முப்பது வருடம் கழித்து. கியூபெக்கில் சிகரெட் வாங்கியவர்கள் கட்டிய வரியும் அதில் அடக்கம். மைதானத்தின் சாய்ந்த கோபுரம் முடிந்ததே 1987இல்தான். முதல் தொகுதியின் 10 டாலர் நாணயம் ஒன்றில் உலக வரைபடம் இருக்கிறது. நிறவெறி ஆட்சி நடந்த தென்னாப்பிரிக்காவுக்கு நியூசிலாந்து ரக்பி அணி போனதைக் கண்டித்து இருபதுக்கும் மேற்பட்ட நாடுகள், பெரும்பாலும் ஆப்பிரிக்க நாடுகள், 1976 விழாவைப் புறக்கணித்தன. 1500 மீட்டரில் தான்சானியாவின் ஃபில்பர்ட் பாயியும் நியூசிலாந்தின் ஜான் வாக்கரும் மோதுவதைப் பார்க்க உலகமே காத்திருந்தது. வாக்கர் ஓடினார், வென்றார். பாயி அங்கே இல்லை. நாணயத்தில் வரைபடம் குறைவில்லாமல் இருக்கிறது. நான்கு வருடம் கழித்து மாஸ்கோ. 1977 முதலே வெள்ளி, தங்கம், பிளாட்டினம் மூன்றிலும் அடித்துத் தள்ளினார்கள். ஒரு 10 ரூபிள் நாணயத்தில் கலைமான் பந்தயம்கூட உண்டு. 1979 டிசம்பரில் சோவியத் படை ஆப்கானிஸ்தானுக்குள் போனது, அறுபதுக்கும் மேற்பட்ட நாடுகள் மாஸ்கோவுக்கு வரவில்லை. அந்தக் காலியிடத்தில்தான் சென்னையைச் சேர்ந்த வாசுதேவன் பாஸ்கரன் தலைமையில் இந்திய ஹாக்கி அணி ஸ்பெயினை 4-3 என்று வென்று தங்கம் எடுத்தது. பலமான அணிகள் வரவில்லை என்று சொல்லி அந்த வெற்றியைச் சுருக்குபவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. வந்தவர்களோடு ஆடுவதுதான் ஆட்டம். பெண்கள் ஹாக்கியில் கடைசி நேரத்தில் அழைக்கப்பட்டு, அவசரமாகத் திரட்டப்பட்ட ஜிம்பாப்வே அணி தங்கம் வென்றது. விளையாட்டின் உயிர் இப்படிப்பட்ட இடங்களில்தான் இருக்கிறது. அச்சை முன்கூட்டி வெட்டுகிறவருக்கு அது எட்டாது. டோக்கியோவின் தங்க, வெள்ளி நாணயங்கள் 2018 தொடங்கி வந்தன, விழா நடந்தது 2021இல், ஆளில்லாத இருக்கைகளுக்கு முன்னால்.

பழங்காலத்தில் வரிசை வேறாக இருந்தது. கி.மு. ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தென் இத்தாலியின் ரெகியோனை ஆண்ட அனாக்ஸிலாஸ், ஒலிம்பியாவில் கோவேறு கழுதை வண்டிப் பந்தயத்தில் வென்ற பிறகு அந்த வண்டியைத் தன் வெள்ளிக் காசில் பொறித்தான். மாசிடோனியாவின் இரண்டாம் பிலிப், கி.மு. 356இல் அவனுடைய குதிரை ஒலிம்பியாவில் வென்றபின், குதிரையையும் அதன் மேலிருந்த சவாரியையும் காசில் கொண்டுவந்தான். அவை புழங்கிய காசுகள். போர்வீரர்களுக்குக் கூலியாகப் போயின, சந்தையில் கைமாறின, தேய்ந்தன. அவனுடைய தங்கக் காசை வடக்கே கெல்ட் மக்கள் தலைமுறை தலைமுறையாகப் பார்த்துப் பார்த்து அடித்ததில் குதிரை கோடும் புள்ளியுமாகச் சிதறிப்போன வடிவங்கள் அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. வென்ற பிறகு அடிப்பது நேர்மையான வரிசை என்று ஒரு காலத்தில் நினைத்துக்கொண்டு இருந்தேன். இலங்கையின் ஐந்து ரூபாய் நாணயம் ஒன்று அந்த நிம்மதியையும் கெடுத்தது. 1996 மார்ச் 17 அன்று லாகூரில் இலங்கை கிரிக்கெட் உலகக் கோப்பையை வென்றது. முத்தையா முரளிதரன் அந்த அணியில் இருந்தார். அதன் நினைவாக 1999இல் நாணயம் வந்தது, தமிழ் எழுத்தும் அதில் உண்டு. வெற்றிக்குப் பின் அடித்தது, பேருந்தில் கொடுத்து வாங்கிய காசு, எல்லாம் சரி. ஆனால் நாணயத்தை வெளியிட்ட இலங்கை மத்திய வங்கியின் வாசலில்தான் 1996 ஜனவரி 31 அன்று விடுதலைப் புலிகள் வெடிமருந்து லாரியைக் கொண்டுவந்து வெடித்தார்கள். தொண்ணூறு பேர் வரை இறந்தார்கள். கொழும்புக்கு வர மாட்டோம் என்று ஆஸ்திரேலியாவும் மேற்கிந்தியத் தீவுகளும் சொல்லிவிட, அந்த இரண்டு ஆட்டங்களின் புள்ளிகள் ஆடாமலே இலங்கைக்குக் கிடைத்தன. வங்கி தன் சொந்த வாசலில் சிந்திய ரத்தத்தை அதே வருடத்துக் கோப்பையின் நாணயத்தில் எப்படிச் சொல்லும்? அந்த நாணயத்தில் இருக்கும் தமிழைப் பேசுகிறவர்கள் அந்த வருடங்களில் பட்டதையும் எப்படிச் சொல்லும்? ஆக, முன்பா பின்பா என்பது பாதிக் கேள்விதான். அடிப்பவர் எதைச் சுமக்க விரும்புகிறாரோ அதைத்தான் நாணயம் சுமக்கிறது.

சந்தை இதையெல்லாம் பார்ப்பதில்லை. அமெரிக்கா 1984 லாஸ் ஏஞ்சல்ஸ் விழாவுக்காக, 1933க்குப் பிறகு முதல்முறையாகத் தங்க நாணயம் அடித்தது. ஒவ்வொரு தங்க நாணயத்துக்கும் 50 டாலர், வெள்ளி டாலருக்கு 10 டாலர் கூடுதலாக வாங்கி விளையாட்டுக்குக் கொடுத்தார்கள். ஏழு கோடி டாலருக்கு மேல் சேர்ந்தது. அந்த ருசியில் 1996 அட்லாண்டாவுக்குப் பதினாறு வடிவங்கள், ஒவ்வொன்றிலும் இரண்டு வகை, ஆக 32 நாணயங்கள் வந்தன. வாங்குபவர்கள் களைத்துப்போனார்கள். ஆண்டுக்கு இரண்டு நிகழ்வுகளுக்கு மேல் நினைவு நாணயம் கூடாது என்று அமெரிக்க நாடாளுமன்றம் அதே 1996இல் சட்டமே போட்டது. அந்தத் தொகுப்பில் சக்கர நாற்காலியில் பாயும் ஒரு வீரரைக் காட்டும் பாராலிம்பிக் வெள்ளி டாலர் இருக்கிறது. ப்ரூஃப் அல்லாத வகையில் அது பதினையாயிரம்கூட விற்கவில்லை. இன்று அதற்கு நல்ல விலை. அன்று யாருக்கும் வேண்டாமல் போனதால் இன்று அரிது, அரிது என்பதால் விலை. பாராலிம்பிக்கில் மாரியப்பன் தங்கவேலு உயரம் தாண்டுவதைப் பார்த்துக் கண் கலங்கிய ஊர்க்காரன் எனக்கு அந்த விலைப்பட்டியலைப் படிக்கும்போது மனம் கூசுகிறது. மறுமுனையில் பெய்ஜிங் 2008க்கு 10 கிலோ தங்கத்தில் 29 நாணயங்கள், லண்டன் 2012க்கு ஒரு கிலோ தங்கத்தில் 60 நாணயங்கள், ஒவ்வொன்றும் ஒரு லட்சம் பவுண்டு. இவற்றைப் பற்றி எனக்குச் சொல்ல ஒன்றும் இல்லை. அவை பெட்டகங்களுக்காகப் பிறந்தவை.

எங்கள் தெருவில் ஒருவர் நாணயம் சேர்த்துக்கொண்டு இருந்தார். அவர் காலமான பிறகு அவர் மனைவி ஒரு பையோடு என்னைக் கூப்பிட்டுக்கொண்டு வெள்ளிக் கடைக்குப் போனார். கடைக்காரர் நாணயத்தை உறையிலிருந்து எடுத்துத் தராசில் போட்டார். கையுறை எதுவும் இல்லை. கட்டைவிரல் தளத்தின் நடுவில் பதிந்தது. “பாதிதாம்மா வெள்ளி. உருக்குனா கழிவு, கூலி போக என்ன நிக்கும்னு பாத்துதான் சொல்ல முடியும். ஓரத்துல கொஞ்சம் ராவிப் பாக்கட்டுமா?” என்று அரத்தை எடுத்தார். அந்த அம்மா என்னைப் பார்த்தார். “அவரு இதத் தொடவே விடமாட்டாரு தம்பி. எதுக்குன்னு ஒருநாளும் சொன்னதில்ல” என்றார். பிறகு ராவ வேண்டாம் என்று சொல்லி வாங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டார். அந்த அரத்தைப் பார்த்தபோது 1898இல் புதுக்கோட்டைப் பகுதியில் கிடைத்த ரோமானியப் புதையல் ஞாபகம் வந்தது. 501 தங்கக் காசுகள், பெரும்பாலானவற்றில் பேரரசனின் முகத்துக்குக் குறுக்கே உளி வெட்டு. இனிக் காசாகப் புழங்கக் கூடாது, பொன்னாக மட்டும் இருக்கட்டும் என்று வெட்டினார்கள் என்பது ஒரு விளக்கம். கடைக்காரர் செய்ய இருந்ததும் தவறான காரியம் இல்லை. சேர்த்தவர் எதற்காகச் சேர்த்தார் என்று யாரிடமும் சொல்லாமல் போனபின் அதில் உலோகம்தான் மிச்சம். அவர் ராவ இருந்தது 1982 தில்லி ஆசிய விளையாட்டுப் போட்டியின் நூறு ரூபாய் நாணயம்.

என் சங்கடத்தின் வேர் அந்த நாணயத்தில்தான் இருக்கிறது என்று இப்போது நினைக்கிறேன். தில்லி விழாவுக்காக இந்திய அரசு 25 பைசா, 2 ரூபாய், 10 ரூபாய், 100 ரூபாய் என்று நான்கு மதிப்புகளில் நாணயம் அடித்தது. 25 பைசா எல்லார் கையிலும் புழங்கியது, 2011 ஜூன் மாதத்தோடு அந்த மதிப்பே செல்லாமல் போனது. நூறு ரூபாய் 35 கிராம், சரிபாதி வெள்ளி, மீதி செம்பும் நிக்கலும் துத்தநாகமும். ஒரு பக்கம் சிங்கமுகத் தூண், மறுபக்கம் ஜந்தர் மந்தரின் யந்திரமும் அதன் மேல் சூரியனும். நல்ல வடிவம், இப்போது பார்த்தாலும் பிடிக்கிறது. விழா நவம்பர் 19 அன்று தொடங்கியது. ஹாக்கி இறுதி ஆட்டத்தில் பிரதமர் பார்த்துக்கொண்டிருக்க பாகிஸ்தானிடம் இந்தியா 7-1 என்று தோற்றது. பி.டி. உஷா 100 மீட்டரிலும் 200 மீட்டரிலும் வெள்ளி வாங்கினார், ஓடிப் பெற்ற வெள்ளி அது. இதெல்லாம் நாணயத்துக்குத் தெரியாமல் போனதில் எனக்கு வருத்தம் இல்லை. நாணயம் அடிக்கப்பட்ட அதே மாதங்களில் தில்லியில் மைதானங்களும் மேம்பாலங்களும் நீச்சல் குளமும் எழும்பிக்கொண்டு இருந்தன. ராஜஸ்தான், உத்தரப் பிரதேசம், ஒரிசாவிலிருந்து ஜமாதார்கள் என்ற கங்காணிகள் கூட்டிவந்த தொழிலாளர்கள் கட்டினார்கள். மக்கள் ஜனநாயக உரிமைகளுக்கான ஒன்றியம் உச்ச நீதிமன்றத்துக்கு எழுதிய ஒரு கடிதம் வழக்கானது. சட்டப்படி குறைந்தபட்சக் கூலி நாளுக்கு 9 ரூபாய் 25 பைசா. ஜமாதார் ஒரு ரூபாயைப் பிடித்துக்கொண்டு கையில் கொடுத்தது 8 ரூபாய் 25 பைசா. பெண்களுக்கு 7 ரூபாய்தான் கிடைத்தது. பதினான்கு வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளும் வேலை செய்தார்கள் என்பது புகார். நீதிபதி பகவதி எழுதிய தீர்ப்பு, குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே கொடுத்து வேலை வாங்குவது அரசியல் சட்டத்தின் 23ஆவது பிரிவு தடை செய்யும் கட்டாய உழைப்பு என்றது. கட்டடவேலை ஆபத்தான வேலை, அதில் பதினான்கு வயதுக்குட்பட்ட பிள்ளைகளை வைக்கக் கூடாது என்றது.

இந்தக் கணக்கு தெரிந்த பிறகு அந்த நாணயத்தில் எழுதியிருக்கும் 100 என்ற எண்ணை வெறும் முகமதிப்பாக என்னால் பார்க்க முடியவில்லை. ஆண் ஒருவர் பன்னிரண்டு நாள் கல்லும் கலவையும் சுமந்தாலும் அதற்கு ஒரு ரூபாய் குறையும். பெண் என்றால் பதினான்கு நாள் முடிந்தும் இரண்டு ரூபாய் குறையும். மியூனிக்கிலும் மாஸ்கோவிலும் நடந்தவை நாணயம் அடித்த பின் நடந்தவை. அவற்றை அது அறியவில்லை என்று சொல்லிவிடலாம். தில்லியில் அந்தச் சமாதானமும் கிடையாது. அச்சுச் சாலையில் வெள்ளி வில்லை மெருகேறிய நாட்களில்தான் 7 ரூபாய் கூலியும் எண்ணிக் கொடுக்கப்பட்டது. இரண்டையும் கொடுத்தது ஒரே அரசின் கருவூலம். முன்கூட்டி அடிப்பதால் நாணயம் எதையும் நினைவில் வைக்காது என்று சொன்னேன். நடந்து முடிந்திருந்தது ஒன்றே ஒன்றுதான், அந்த உழைப்பு. மைதானத்தில் முதலில் வியர்த்தவர்கள் ஓட்டக்காரர்கள் இல்லை. ஒவ்வொரு விழாவுக்கும் இது பொருந்தும் என்று நினைக்கிறேன். கத்தார் 2022 உலகக் கோப்பைக்கும் மைதானம் கட்டப் போனவர்கள் நம் பக்கத்துக் கிராமங்களிலிருந்தும் போனவர்கள்தான்.

சேர்ப்பதை நான் நிறுத்தவில்லை, நிறுத்தச் சொல்லவும் இல்லை. வெள்ளியின் மேல் எனக்கு இருக்கும் ஆசை குறையவில்லை. ஆனால் நாணயத்தோடு அச்சுச் சாலை கொடுக்கும் சான்றிதழ் போதாது என்ற முடிவுக்கு வந்திருக்கிறேன். உலோகம், எடை, எண்ணிக்கை என்பதோடு அந்தச் சான்றிதழ் நின்றுவிடுகிறது. மீதியை வைத்திருப்பவர்தான் எழுதிச் சேர்க்க வேண்டும். தனக்குப் பின்னால் அதைத் தராசில் போடப்போகும் பிள்ளைகளுக்காகவாவது சேர்க்க வேண்டும். என் தில்லி நாணயத்தின் பெட்டிக்குள் தீர்ப்பின் நகல் ஒன்றை மடித்து வைத்திருக்கிறேன். 1982 தில்லி நூறு ரூபாய் உங்களிடம் இருந்தால் நீங்களும் அப்படிச் செய்யுங்கள். மக்கள் ஜனநாயக உரிமைகளுக்கான ஒன்றியம் எதிர் இந்திய ஒன்றியம் என்பது வழக்கின் பெயர், தீர்ப்பு நாள் 1982 செப்டம்பர் 18.